மலைக்கோயிலை இடம் மாற்றலாமா? பழனி மலை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலைச் சூழ்ந்த பழனி மலைத்தொடரில், மேல்மலையானாலும் கீழ்மலையானாலும், பழைய கற்கோயில் உள்ள ஊர்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோயிலுக்குப் பின்னால் மேடு சரிந்து மண் மதிலைத் தள்ளும்போதும், சாலையை அகலப்படுத்த அளவெடுக்க ஆட்கள் வரும்போதும், "கோயிலைப் பிரித்து வேறு இடத்தில் வைத்துவிடலாமே" என்று யாராவது சொல்கிறார்கள். கல்வெட்டுப் படியெடுக்கவும் கோயில்களை அளந்து வரையவும் இந்த ஊர்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் என்னிடம் பூசாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் திருப்பணிக் குழுவினரும் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கோயிலின் பின்சுவர் சாய்கிறது, உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கிறது. இடம் மாற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. "இனி இந்தக் கோயில் நிற்காது" என்று சொல்லப்பட்டு நான் போய்ப் பார்த்தவற்றில் பலவற்றின் நோய், மழைநீர் போகும் வழி அடைபட்டதுதான். பழைய தச்சர்கள் கோயிலைச் சுற்றித் தண்ணீர் நில்லாமல் ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுத்துக் கட்டினார்கள். பின்னால் வந்த திருப்பணிகளில் அந்தத் தரையின்மேல் கான்கிரீட் போட்டு, அதற்கும் மேல் டைல்ஸ் பதித்து உயர்த்தியதால் கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் கீழ் வரிசைகளாகிய ஜகதியும் குமுதமும் பாதிக்குமேல் புதைந்து, கருவறையின் கல் தூம்பான கோமுகி வழியாக வரும் அபிஷேக நீர்கூட வெளியேற இடமில்லாமல் அடித்தளத்துக்குள் இறங்குகிறது. மேல்தளத்திலும் அப்படியே: பழைய செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் ஒழுகியபோது அதை எடுத்துப் புதுப்பிக்காமல், ஒவ்வொரு குடமுழுக்குக்கும் ஓர் அடுக்கு சிமெண்ட் பூசிப் பூசிக் கூரையாக இட்ட பாவுகற்களின்மேல் சுமை ஏறியிருக்கும்.

ஆகவே முதல் வேலை, கோயிலுக்கு மேட்டுப்புறத்தில், சுவரை ஒட்டி அல்லாமல் சில அடி தள்ளி, மலைநீரைத் தடுத்துப் பக்கத்து ஓடைக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால் வெட்டுவது. அடுத்தது, உயர்த்திய தரையை அகற்றிப் பழைய வாட்டத்தை மீட்பது. அதற்கும் அடுத்தது, மேல்தளத்து அடுக்குகளைச் சம்மட்டி இல்லாமல் கையுளியால் எடுத்துச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் மறுபடி போடுவது. பின்மேட்டுக்குத் தடுப்புச்சுவர் கட்டினால் அதில் நீர் வடியும் துளைகள் கட்டாயம் வேண்டும். துளையில்லாத சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, ஒருநாள் அந்தச் சுவரே கோயிலின்மேல் விழும். இவ்வளவும் செய்து இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் இடமாற்றத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரை நகர்த்தினால் பல கோயில்களை நகர்த்த வேண்டியதில்லை.

மலையே நகர்கிறதா, கோயில் மட்டும் சாய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்து, அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள். தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் சாய்வை மாதந்தோறும் ஒரே இடத்தில் அளந்து நோட்டில் குறியுங்கள். கோயிலில் மட்டும் அசைவு இருந்தால் குறை அடித்தளத்தில் இருக்கிறது. மேட்டில் உள்ள மரங்களின் அடி வளைந்து, தரையில் நீளவாக்கில் பிளவு தோன்றி, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிந்தால் சரிவு முழுவதும் நகர்கிறது; அப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வரைபடத்தையும் ஒரு புவியியல் வல்லுநரின் கருத்தையும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாகக் கேட்டுப் பெறவேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது. சரிவு நகர்வது உறுதியானால், மனித உயிரை முன்னிட்டு, இடமாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கு முன் முழுக் கோயிலை இடம் மாற்றியிருக்கிறார்களா?

மாற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் அணைகளுக்காக. நாகார்ஜுனசாகர் அணை கட்டப்பட்டபோது, நீரில் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கை 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, இக்குவாகு மன்னர் காலச் சின்னங்களில் ஒன்பதை நீர்த்தேக்கத்தின் நடுவே தீவாக நின்ற குன்றின்மேல் மறுபடி எழுப்பினார்கள். ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடவல்லியில் இருந்த சாளுக்கியர் காலச் சங்கமேசுவரர் கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு ஆலம்பூரில் எழுப்பப்பட்டது. மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜசாகர் அணையில் மூழ்கிய கண்ணம்பாடி வேணுகோபாலசுவாமி கோயில், பல பத்தாண்டுகள் தண்ணீருக்குள் கிடந்த பிறகு கரையில் மறுபடி கட்டப்பட்டது. எகிப்தில் அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, 65 மீட்டர் உயரத்திலும் 200 மீட்டர் பின்னாலும் வைத்தபோது, விடியற்கதிர் கருவறைக்குள் விழும் பழைய திசையையும் காத்தார்கள்.

நம் பக்கத்திலேயே மாற்றாமல் விட்டதற்கும் சான்று இருக்கிறது. நீலகிரியின் அடிவாரத்தில், மோயாறு பவானியோடு கூடும் இடத்தில் இருந்த டணாய்க்கன்கோட்டை, போசள மன்னர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்களின் ஊர். அங்கிருந்த மாதவன் என்னும் தண்டநாயகன் 'நீலகிரி சாதாரன்' என்று பட்டம் பூண்டவன். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையில் அந்த ஊரின் மாதவராயப் பெருமாள் கோயில் மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் அதன் மண்டபம் சேற்றோடு வெளியே தெரிகிறது. மக்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருகிறார்கள். மேட்டூர் அணைக்குள் பண்ணவாடி நந்தியும் அவ்வாறே தலைகாட்டுகிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு கோயிலை நீருக்குக் கொடுப்பதற்கு முன் அதன் ஒவ்வொரு கல்லையுமாவது வரைந்து வைத்திருக்கக் கூடாதா என்று மனம் வலிக்கிறது.

மூலவரை அசைக்க ஆகமம் இடம் கொடுக்கிறதா?

காமிகம் முதலிய ஆகமங்களிலும் மயமதம் முதலிய சிற்ப நூல்களிலும், பழுதுபட்டதைச் சீர்செய்யும் சீர்ணோத்தாரணத்துக்குத் தனிப் படலமே உண்டு. ஆகவே பழுதுபட்ட கோயிலைப் பிரிப்பது மரபுக்குப் புதிதன்று. மூர்த்தியின் கலைகளை, அதாவது தெய்வ ஆற்றலை, கலாகர்ஷணம் என்னும் சடங்கால் கும்பத்தில் ஏற்றி, தற்காலிகக் கோயிலான பாலாலயத்தில் பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, அன்றாடப் பூசையை அங்கே தடையின்றி நடத்திக்கொண்டுதான் பழைய கட்டடத்தில் கை வைப்பார்கள். வேலை முடிந்ததும், மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து சாத்தி, குடமுழுக்கும் 48 நாள் மண்டல பூசையும் நடக்கும். சுயம்பு மூர்த்திக்கு மட்டும் இது பொருந்தாது. பாறையிலிருந்து தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் மூர்த்தியைப் பெயர்ப்பதை மரபு ஏற்பதில்லை. இந்த மலைக் கோயில்கள் பலவற்றில் மூலவர் பாறையோடு ஒன்றியே இருக்கிறார். அங்கே இடமாற்றம் என்ற பேச்சையே எடுக்காமல், பாறையைச் சுற்றிய சரிவை நிலைப்படுத்துவதற்குத்தான் பணத்தைத் தேடவேண்டும்.

வரலாற்றிலும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். படையெடுப்புக்கு அஞ்சித் திருவரங்கத்து நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளி 1371இல் திரும்பினார். தில்லை நடராசர் 1648 முதல் 1686 வரை தில்லைக்கு வெளியே இருந்தார். மூர்த்தி போனார், மீண்டார். கோயில் அதே இடத்தில் காத்திருந்தது.

எங்களுடையது ஆகமக் கோயில் இல்லை, ஊர்த் தெய்வம். நாங்கள் யாரைக் கேட்பது?

சாமியைத்தான் கேட்பீர்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பூ வாக்குக் கேட்டாலும் குறி கேட்டாலும், கோயிலில் உரிமையுள்ள எல்லாக் குடும்பத்துக் காணியாளர்களும் இருக்கும் நாளில் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். வெளியூரில் குடியேறிய பங்காளிகளை விட்டுவிட்டு எடுத்த முடிவுகள் பின்னால் வழக்காகியிருக்கின்றன. இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். பிழைக்கப் போன இடத்தில் தெய்வத்தை வைத்து வணங்க நம் முன்னோர் பழைய கோயிலைப் பிரிக்கவில்லை; அங்கிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதுக்கோயில் எழுப்பினார்கள். பாதை கடினம், முதியவர்களால் ஏற முடியவில்லை, கார் போகவில்லை என்பதுதான் காரணம் என்றால் பிடிமண் போதும். பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வைக்கவாவது ஊர் மேலே ஏறும்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்கவேண்டும்?

கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்தால், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பை வழங்கியிருப்பதால், தொல்லியல் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்காமல் பழைய கோயிலில் திருப்பணி தொடங்குவது இனிச் சரியாகாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படியோ 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படியோ பாதுகாக்கப்பட்ட சின்னமானால் அந்தந்தத் தொல்லியல் துறையே முடிவு செய்யும். மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை உண்டு. அந்த 100 மீட்டருக்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு.

புதிய இடத்துக்கும் தனியாக அனுமதி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் வட்டத்திலும் நீலகிரியிலும் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான விதிகள் உள்ளன. மண் அள்ளும் இயந்திரத்தை இயக்குவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி தேவை. காட்டு நிலமானால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்த மலையின் ஒரு பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இடம் உறுதியாகாமல் கோயிலைப் பிரித்துவிட்டு, கற்களைத் தார்ப்பாயால் மூடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

பிரிப்பதற்கு முன் என்னென்ன பதிவு செய்யவேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவை. கோயிலைப் பிரிக்க ஒரு மாதம் ஆகும் என்றால், அதைப் பதிவு செய்ய மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

முதலில் கல்வெட்டு. எழுத்துள்ள கல்லை நாரினால் செய்த மென்மையான தூரிகையாலும் தண்ணீராலும் மட்டும் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் படியவைத்து, மை ஒற்றி மைப்படி எடுக்கவேண்டும். எழுத்து தெரிகிறதோ இல்லையோ, கிடையாக ஓடும் கல் வரிசைகளான எல்லாப் பட்டிகைகளையும் வெயில் சாய்ந்து விழும் காலையிலும் மாலையிலும் பாருங்கள்; நடுப்பகலில் மறைந்திருக்கும் வரிகள் அப்போது நிழலோடு எழுந்து நிற்கும். பழைய திருப்பணிகளில் கற்கள் இடம் மாறியதால் ஒரு கல்வெட்டின் முதல் வரி வடக்குச் சுவரிலும் தொடர்ச்சி படிக்கட்டிலும் இருப்பது உண்டு. ஆதலால் படிக்கட்டு, வாசற்படி, மடப்பள்ளித் தரை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து அளவு வரைபடம். தரை, நான்கு பக்க முகப்பு, நெடுக்கு வெட்டு, குறுக்கு வெட்டு எல்லாம் வேண்டும். லேசர் ஸ்கேன் செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் டேப்பும் தூக்குக்குண்டும் பொறுமையும் போதும். கருவறை வாசலின் திசையைக் கதிரவன் எழுச்சியை வைத்துத் துல்லியமாகக் குறிக்கவேண்டும், ஏனெனில் புதிய இடத்தில் அதே திசை அமைவது மரபுக்கும் கட்டுமானத்துக்கும் முதன்மையானது.

பிறகு எண். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கம், உறுப்பு, வரிசை, இடம் ஆகிய நான்கும் விளங்கும் குறியீடு கொடுங்கள். 'வ-கு-1-7' என்றால் வடக்குப் பக்கம், குமுதம், முதல் வரிசை, ஏழாம் கல். அதை வெளியே தெரியாத மேற்புறத்திலோ பின்புறத்திலோ எழுதி, அதே எண்ணைப் படத்திலும் பதிவேட்டிலும் குறியுங்கள். எண் எழுதிய கல்லை இருந்த இடத்திலேயே ஒருமுறையும், எடுத்த பிறகு ஆறு முகங்களையும் ஒருமுறையும் படமெடுங்கள். ஓர் ஊரில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுப் பிரித்தார்கள். அன்றிரவு பெய்த மழையில் எண்கள் கரைந்துவிட்டன. இன்று அந்தக் கோயிலில் கல்வெட்டுக் கல் ஒன்று தலைகீழாக இருக்கிறது. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகள் இரண்டு மதிலோரம் கிடக்கின்றன, எந்தத் தூணுக்குரியவை என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

கட்டடத்தில் இல்லாததையும் எழுதுங்கள்: எந்தக் குடும்பம் எந்தப் பக்கத்தில் நிற்கும், தேர் எங்கே திரும்பும், எந்த ஊற்றிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் வரும், முதல் மரியாதை யாருக்கு. கல் புதிய இடத்துக்கு வந்துவிடும். இவை எழுதப்படாவிட்டால் வராது.

கற்களை எப்படிப் பிரித்து மலைப்பாதையில் கொண்டுபோவது?

கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழே பிரிக்கவேண்டும்: தூபி, சிகரம், அதன் கழுத்தான கிரீவம், கூரைப் பகுதியான பிரஸ்தரம், சுவர், கடைசியாக அதிட்டானம். சுதை வேலையுள்ள செங்கல் விமானத்தைக் கல்லைப்போல் பிரித்து அடுக்க முடியாது. அதை அச்செடுத்து, அளந்து, அதே முறையில் புதிதாகத்தான் செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நல்லது. நம் மலையின் கல் மிகக் கனமானது. எட்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், முக்கால் அடி தடிப்புள்ள ஒரு பாவுகல் ஏறத்தாழ 900 கிலோ இருக்கும். செயின் பிளாக்கும் முக்காலியும் கொண்டு, கல்லுக்கும் கயிற்றுக்கும் இடையே சாக்கு வைத்துத் தூக்குங்கள். கடப்பாரையால் நெம்பினால் மூலை உடையும். லாரியில் வைக்கோல் பரப்பி, கல்லைக் கிடையாக வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் நகராதபடி கட்டை கொடுத்து, ஒரு நடைக்குச் சில கற்களே ஏற்றவேண்டும்.

பழைய திருப்பணியில் செருகிய இரும்புக் கம்பிகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இரும்பு துருப்பிடித்து ஊதிக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்பு ஆணிகளே பொருத்தம்.

அடித்தளத்தைத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்?

வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கருவறையின் அடியில், மங்கலப் பொருள்கள் இட்ட கருப்பப் பெட்டகம் வைக்கும் வழக்கம் பழையது. செப்புத் திருமேனிகளை மண்ணுக்குள் மறைத்துவைத்த ஊர்களும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரை வைத்து, பலர் முன்னிலையில் படமெடுத்து, மகசர் எழுதி ஒப்படைத்தால் ஊருக்கும் பாதுகாப்பு, பொருளுக்கும் பாதுகாப்பு.

புதிய இடத்திலும் இதே கவனம் வேண்டும். இந்த மலையில் கற்பலகைகளால் அமைந்த பழங்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகள் ஏராளம். 1920களில் கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த பாதிரிமார்கள் அவற்றைத் தேடித்தேடிப் பதிவு செய்தார்கள். தாண்டிக்குடியில் பல்கலைக்கழக அகழாய்வும் நடந்திருக்கிறது. கோயிலுக்காகச் சமப்படுத்தும் மேடு, கோயிலைவிடப் பல நூற்றாண்டு பழைய ஈமக்காடாக இருக்கலாம். ஒரு தொன்மையைக் காக்க இன்னொன்றை அழிப்பதற்கு யாருக்கும் மனம் வரக் கூடாது.

சிமெண்டுக்கு என்ன குறை? சீக்கிரம் இறுகுகிறதே?

சீக்கிரம் இறுகுவதும் கல்லைவிட விறைப்பாக நிற்பதும்தான் குறை. சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். சுவருக்குள் சென்ற ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்ட் பூசிய சுவரில் ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால் உப்புப் பூத்து, மேற்பரப்பு பொருக்காக உதிர்கிறது. கல்வெட்டு எழுத்துகள் அத்தோடு போய்விடுகின்றன. சுண்ணாம்பை நன்றாகப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறலும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பயன்படுத்துங்கள். மேல்மலையில் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும். ஈரச் சுண்ணாம்பு உறைந்தால் வலுவிழக்கும். அதனால் மாசியில் தொடங்கி மழைக்கு முன் முடிப்பது சிறந்தது.

கல்லை மணல் வீசித் தூய்மை செய்யலாமா?

கூடாது. அழுக்கோடு உளியின் கூர்மையும் எழுத்தின் விளிம்பும் போய்விடும். பாசியைத் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு பொறுமையாக எடுக்கலாம். மூலவர் கல்லால் ஆனவர் அல்லாதபோது நீங்களாக எதையும் செய்யவேண்டாம். பழனி தண்டாயுதபாணியை நவபாஷாணத்தாலும் பூம்பாறைக் குழந்தை வேலப்பரைத் தசபாஷாணத்தாலும் போகர் செய்ததாக மரபு சொல்கிறது. அப்படிக் கருதப்படும் திருமேனியைத் துடைப்பதற்குக்கூட வல்லுநர் முடிவும் துறையின் ஒப்புதலும் வேண்டும்.

வீடுகளைப்போல் ஜாக்கி வைத்து அப்படியே நகர்த்த முடியாதா?

சாந்தால் பிணைந்த சிறிய செங்கல் கோயிலுக்கு, அடியில் உத்தரம் கோத்து, பொறியாளர் கண்காணிப்பில் முடியும். சாந்தில்லாமல் அடுக்கிய கற்கோயிலில் கற்களைப் பிடித்துவைப்பது அவற்றின் எடை மட்டுமே. ஓர் அங்குலம் ஏற்றத்தாழ்வாகத் தூக்கினாலும் பொருத்து விலகும். சரிவில் நகர்த்துவதை நினைக்கவே கூடாது.

நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் கோயில்களுக்கும் இதே முறையா?

இல்லை. அவை மூங்கிலாலும் பிரம்பாலும் சதுப்புநிலப் புல்லாலும் வேய்ந்தவை. காலந்தோறும் தோடர்களே தங்கள் முறைப்படி புதுப்பிக்கிறார்கள், வெளியார் உள்ளே செல்வதில்லை. அங்கே வெளியிலிருந்து செய்யக்கூடிய உதவி, அந்தப் புல் வளரும் சதுப்பையும் புல்வெளியையும் சீகை மரங்களும் தைல மரங்களும் விழுங்காமல் காப்பது.

இடம் மாற்றிய பிறகு பழைய இடத்தை என்ன செய்வது?

விற்கவோ கடை கட்டவோ கூடாது. கருவறை இருந்த இடத்தில் ஒரு கல் நட்டு, கோயில் எந்த ஆண்டு வரை இங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று வெட்டி வையுங்கள். தல மரம் அங்கேயே நிற்கட்டும்; அதன் விதையிலிருந்து கன்று வளர்த்துப் புதிய கோயிலில் நடலாம். திருவிழாவின் முதல் நாள் தீர்த்தத்தைப் பழைய ஊற்றிலிருந்தே எடுத்து வாருங்கள்.

பதிவேடுகளை எங்கே வைப்பது?

மைப்படி, வரைபடம், எண் பதிவேடு, படங்கள் எல்லாவற்றையும் மூன்று படிகளாக எடுங்கள். ஒன்று கோயிலில், ஈரம் படாத இரும்புப் பெட்டியில். ஒன்று அறநிலையத் துறை அல்லது தொல்லியல் துறை அலுவலகத்தில், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு. மூன்றாவது மலைக்குக் கீழே, ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டில். கைபேசியில் மட்டும் இருக்கும் படத்தைப் பதிவாகக் கொள்ளவேண்டாம்.